சத்துக்குறைவில் குடலின் பாக்டீரியா தடுப்பு எங்கே, எப்படி உடைகிறது?

#1 கயல்_உணவியல்

எல்லாருக்கும் வணக்கம். பாடப்புத்தகத்தில் ஒரு வட்டம் வரைந்திருப்பார்கள்: சத்துக்குறைவு, அதனால் எதிர்ப்பு சக்தி குறைவு, அதனால் வயிற்றுப்போக்கு, அதனால் இன்னும் சத்துக்குறைவு. அம்புக்குறி போட்டதோடு சரி. அந்த முதல் அம்புக்குறிக்குள் என்னதான் நடக்கிறது? எந்தச் சத்து இல்லாததால் குடலில் எந்த செல் எந்த வேலையை நிறுத்துகிறது?

இரண்டாவது, நடைமுறைக் கேள்வி. தடுப்பு உடைந்துபோன குழந்தைக்கு உணவு கொடுக்க ஆரம்பிக்கும்போது எதை முதலில் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது? "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பத்து உணவுகள்" ரகப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

#2 குடல்நோக்கி

மேலிருந்து கீழே இறங்கிப் போவோம். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

முதல் தடை வயிற்று அமிலம். வெறும் வயிற்றில் பி.எச். ஏறக்குறைய 1.5 முதல் 3 வரை. விழுங்கிய பாக்டீரியாவில் பெரும்பகுதி இங்கேயே செத்துப்போகும். கடுமையான சத்துக்குறைவில் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலச் சுரப்பு குறைகிறது, பி.எச். 4-க்கு மேலே ஏறிவிடுகிறது. அமிலம் போனால் என்ன ஆகும் என்பது காலரா ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். தன்னார்வலர்களுக்கு சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமிலத்தை அடக்கியபோது, நோய் உண்டாகத் தேவைப்பட்ட கிருமிகளின் எண்ணிக்கை ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்தது. ஒரே தண்ணீரைக் குடித்த இருவரில் ஒருவர் தப்பிப்பதற்கும் ஒருவர் படுப்பதற்கும் இது ஒரு காரணம்.

இரண்டாவது, குடலின் அசைவு. சாப்பாட்டுக்கு நடுவே 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை சிறுகுடலை மேலிருந்து கீழ்வரை ஓர் அலை துடைத்துக்கொண்டு போகும். அது தளர்ந்தால் கீழே இருக்க வேண்டிய பாக்டீரியா மேல் சிறுகுடலில் குடியேறுகிறது. அங்கே அவை பித்த உப்புகளைச் சிதைக்கின்றன. பித்த உப்பு சிதைந்தால் கொழுப்பு கரையாது. கொழுப்பு கரையாவிட்டால் வைட்டமின் ஏ உள்ளே போகாது. இந்த வைட்டமின் ஏ கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்றாவது, சளிப்படலம். இதன் முக்கியப் புரதம் மியூசின்-2. அதில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். திரியோனைன் இல்லாத உணவு கொடுத்த விலங்குகளில் மற்ற புரதங்களைவிட மியூசின் உற்பத்திதான் முதலில் அடிவாங்குகிறது. பெருங்குடலில் சளி இரண்டு அடுக்கு; உள்ளடுக்கில் ஆரோக்கியமான நிலையில் பாக்டீரியா கிட்டத்தட்ட இருக்காது. சிறுகுடலில் ஒரே அடுக்கு, அதுவும் தளர்வானது. தளர்வாக இல்லாவிட்டால் சத்து உறிஞ்ச முடியாதே. அதனால் அங்கே சளியைவிட, சளிக்குள் கலக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களே பெரும்பாலும் காவல் வேலையைச் செய்கின்றன.

நான்காவது, செல் சுவர். ஒரே ஒரு செல் தடிமன். 3 முதல் 5 நாளுக்குள் முழுவதும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. உடலில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசு வேறு அதிகம் இல்லை. அதனால்தான் புரதமும் துத்தநாகமும் குறைந்தால் இங்கே சீக்கிரம் தெரிகிறது: குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள்) குட்டையாகின்றன, செல்களை ஒட்டவைக்கும் இணைப்புகள் தளர்கின்றன.

#3 கயல்_உணவியல்

நன்றி சார். இதில் ஒரு சந்தேகம். புரதம் குறைந்தால் எல்லாமே குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் "இந்த அமினோ அமிலம் இல்லை, அதனால் இந்தக் கிருமிக்கொல்லி உற்பத்தி நின்றது" என்று தனியே பிரித்துக் காட்டிய ஆய்வு இருக்கிறதா?

#4 நுண்ணோக்கன்

இருக்கு. 2012-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் பற்றியது.

கதையின் மையம் ஏ.சி.இ.2 என்கிற புரதம். கொரோனா காலத்தில் வைரஸ் நுழையும் வாசல் என்று எல்லாரும் கேள்விப்பட்ட அதே ஆள்தான். சிறுகுடல் செல்களில் அதற்கு வேறு ஒரு வேலை உண்டு. அமினோ அமிலங்களை உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் செல்லின் மேற்பரப்பில் நிலைத்து நிற்க, பக்கத்தில் ஏ.சி.இ.2 இருக்க வேண்டும். ஏ.சி.இ.2 மரபணு நீக்கிய எலிகளில் அந்தக் கடத்தி காணாமல் போகிறது, ரத்தத்தில் டிரிப்டோபன் விழுந்துவிடுகிறது. பார்க்க எலிகள் நன்றாகத்தான் இருக்கும். குடலைப் புண்ணாக்கும் ரசாயனத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்: சாதாரண எலிகளைவிட இவற்றுக்குக் குடல் அழற்சி அதிகக் கடுமை.

ஏன்? டிரிப்டோபன் குறைந்ததும் செல்லுக்குள் வளர்ச்சியையும் சத்து நிலவரத்தையும் கணக்குப் பார்க்கும் எம்-டார் பாதை மந்தமாகிறது. அதோடு சேர்ந்து சிறுகுடல் செல்கள் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) தயாரிப்பதும் குறைகிறது. பெப்டைடு குறைந்தால் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கலாம் என்ற கட்டுப்பாடு தளர்ந்து, குடல்வாழ் கூட்டமே மாறிவிடுகிறது. அந்த மாறிய கூட்டத்தை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் வைத்தால் அவற்றுக்கும் அழற்சி கடுமையாகிறது. மரபணு சரியாக இருந்தும்!

கயல், உங்க கேள்விக்கு நேரான பதில் அடுத்த பகுதிதான். மரபணுவைத் தொடாமல் சாதாரண எலிகளுக்குப் புரதம் இல்லாத உணவும் டிரிப்டோபன் இல்லாத உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். அவையும் கடுமையான அழற்சிக்கு ஆளாயின. டிரிப்டோபனை வேறு வழியாக உள்ளே போகும் இரட்டைப் பெப்டைடு வடிவில் கொடுத்தாலோ, நிக்கோடினமைடு (வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம்) கொடுத்தாலோ பெப்டைடு உற்பத்தி திரும்பியது, அழற்சியும் குறைந்தது.

#5 சந்தேகப்பேர்வழி

ஆய்வு அருமை, மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் நிக்கோடினமைடு மாத்திரை வாங்க ஓட வேண்டாம். எலி வேறு, ரசாயனத்தால் வரவழைத்த அழற்சி வேறு, பசியில் வாடும் குழந்தையின் குடலில் ஷிகெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வந்து இறங்குவது வேறு. மனிதரிடம் இதே சங்கிலி முழுவதுமாக ஒவ்வொரு கண்ணியாக நிரூபிக்கப்படவில்லை.

#6 குடல்நோக்கி

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனிதரில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு: பெல்லக்ரா. வெயில் படும் இடங்களில் தோல் தடித்துக் கறுப்பது, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்த நோய். காரணம் நியாசின் (வைட்டமின் பி3) குறைவு. உடல் சுமார் 60 மி.கி. டிரிப்டோபனிலிருந்து 1 மி.கி. நியாசின் செய்துகொள்ளும். ஆக இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள். அந்த எலிகளில் இல்லாமல்போன அதே கடத்திப் புரதம் பிறவியிலேயே பழுதான மனிதர்களுக்கு ஹார்ட்னப் நோய் வரும். அவர்களுக்கும் பெல்லக்ரா போன்ற அறிகுறிகள் தோன்றும். "பெல்லக்ராவில் ஏன் வயிற்றுப்போக்கு" என்ற கேள்விக்கு 2012 ஆய்வு ஒரு நம்பத்தகுந்த விளக்கம் தருகிறது, அவ்வளவுதான் என் வாதம்.

இடைச்செருகலாக ஒன்று: காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர், ஏற்கனவே மெலிந்தவர், வயிற்றுப்போக்கும் கழுத்திலும் கையிலும் தோல் மாற்றமுமாக வந்தால் பெல்லக்ராவை நினையுங்கள். டிரிப்டோபனிலிருந்து நியாசின் செய்ய பி6 வேண்டும். அந்த பி6-க்கு இந்த மருந்து குறுக்கே நிற்கிறது.

இப்போது மேலே சொன்ன கிருமிக்கொல்லிகளைச் சுரக்கும் முக்கிய செல்லைப் பார்க்கலாம். குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் பானெத் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. மற்ற செல்கள் சில நாளில் உதிர, இவை வாரக்கணக்கில் வாழும். உள்ளே துகள்துகளாக டிஃபென்சின், லைசோசைம் என்ற கிருமிக்கொல்லிகள். துத்தநாகமும் இந்தத் துகள்களில் குவிந்திருக்கும். துத்தநாகக் குறைவு பானெத் செல்லை நேரடியாகத் தொடும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஐ.ஜி.ஏ. பெரியவர் ஒருவரின் குடல் ஒரு நாளைக்குக் கிராம் கணக்கில் இந்த எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. உடலில் வேறு எந்த எதிர்ப்பொருளும் இவ்வளவு தயாராவதில்லை. இது கிருமியைக் கொல்வதைவிட, அதைச் சுற்றி ஒட்டி, சுவரைத் தொடவிடாமல் சளியோடு வெளியேற்றுகிறது. புரதம் குறைந்தால் இரண்டு இடத்தில் தட்டுப்பாடு: எதிர்ப்பொருளைச் செய்யும் செல்கள் குறைகின்றன, செய்ததைச் சுவருக்குள்ளிருந்து குடல் வெளிக்குக் கடத்தும் ஏற்பியும் குறைகிறது.

வைட்டமின் ஏ இங்கேதான் வருகிறது. குடலைச் சேர்ந்த டென்ட்ரைட்டிக் செல்கள் (வெள்ளணுக்களுக்குப் பயிற்சி தருபவை) வைட்டமின் ஏ-யை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றி, பக்கத்தில் பயிற்சி பெறும் வெள்ளணுக்கள் மேல் "இது குடலுக்குப் போக வேண்டியது" என்ற அடையாள ஏற்பிகளைப் பதிக்கின்றன. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் உருவாகலாம், ரத்தத்தில் சுற்றலாம், குடலுக்கு வந்து சேராது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை சரி என்று வந்துவிட்டு குடல் மட்டும் காவலில்லாமல் கிடப்பது இப்படித்தான்.

#7 நுண்ணோக்கன்

எல்லாரும் உடம்போட பக்கத்தையே பேசுறீங்க. குடல்வாழ் பாக்டீரியா தரும் தடுப்பையும் சேர்க்கணும்.

நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைத்து பியூட்டிரேட் தயாரிக்கிறது. பெருங்குடல் செல்களுக்கு எரிபொருளில் பெரும்பங்கு இதுதான். பியூட்டிரேட்டை எரிக்கும்போது செல்கள் ஆக்சிஜனை இழுத்துத் தீர்த்துவிடுவதால் குடலின் உட்பரப்பு ஆக்சிஜன் அற்று இருக்கும். நல்ல காற்றில்லா பாக்டீரியாவுக்கு அதுதான் வசதி. பியூட்டிரேட் நின்றால் செல்கள் குளுக்கோஸுக்கு மாறிவிடும், ஆக்சிஜன் மிச்சமாகிக் குடலுக்குள் கசியும். ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெரிந்த ஈ.கோலை, சால்மொனெல்லா குடும்பம் அப்போதுதான் பெருகும். வெளியிலிருந்து புதுக் கிருமி வரவே தேவையில்லை. ஏற்கனவே ஓரமாகக் கிடந்தவை தலைதூக்கும்.

நார்ச்சத்தே இல்லாத உணவில் இன்னொரு சங்கடம். 2016-ல் வந்த எலி ஆய்வில், நார் கிடைக்காத பாக்டீரியா சளிப்படலத்தின் சர்க்கரைச் சங்கிலிகளையே தின்ன ஆரம்பித்தது. சளி மெலிந்தது. பிறகு ஈ.கோலைக்கு உறவான எலிக் கிருமி ஒன்றைக் கொடுத்தபோது அது சுவரை எளிதாக எட்டியது, எலிகள் கடுமையாக நோயுற்றன. கலோரி முழுதாக இருந்தும் தடுப்பு போகும் என்பதற்கு இது உதாரணம். எடை சரியாக இருப்பவருக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் இயற்கை நார்ச்சத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆனால் இதைக் கடும் சத்துக்குறைவில் இருக்கும் குழந்தைக்கு முதல் நாளே பொருத்திவிடாதீர்கள். அங்கே வரிசை வேறு. அதை வார்டுசெவிலி சிஸ்டர் சொல்வார்.

#8 வழிப்போக்கன்

சுவர் தளர்வது பற்றி வந்ததால் கேட்கிறேன். "குடல் ஒழுகல்" இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் சோனுலின் (செல் இணைப்புகளைத் தளர்த்தும் புரதம்) பரிசோதனை செய்கிறார்கள். அதிகம் என்று வந்தால் குளூட்டமைன் பொடி சாப்பிட்டால் சுவர் அடைபடும் என்கிறார்கள். செய்து பார்க்கலாமா?

#9 சந்தேகப்பேர்வழி

இரண்டுமே வேண்டாம் சார்.

சோனுலின்: சந்தையில் உள்ள எலைசா கிட்டுகளைச் சோதித்த ஆய்வுகளில், அவை பிடிப்பது சோனுலினையே அல்ல, வேறு புரதங்களை என்று தெரியவந்தது. எண் வரும், எதன் எண் என்று தெரியாது.

சுவரின் நிலையை ஓரளவு ஒழுங்காகக் காட்டும் சோதனை லாக்டுலோஸ்-மானிட்டால். வழக்கமாக 5 கிராம் லாக்டுலோஸும் 1 கிராம் மானிட்டாலும் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து இரண்டின் விகிதம் பார்ப்பார்கள். லாக்டுலோஸ் பெரியது, சுவர் தளர்ந்தால்தான் உள்ளே போகும். மானிட்டால் சிறியது, ஆரோக்கியமான பரப்பு வழியாகவே போகும். இங்கே தவறாகப் படிப்பவர்கள் நிறைய: விகிதம் ஏறினால் "ஓட்டை" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சத்துக்குறைவில் பல சமயம் லாக்டுலோஸ் ஏறியிருக்காது. உறிஞ்சும் பரப்பு சுருங்கி மானிட்டால்தான் இறங்கியிருக்கும். இரண்டு எண்களையும் தனித்தனியே பார்க்காமல் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நடைமுறையில் இன்னும் இரண்டு இடத்தில் கெடும்: குழந்தையின் சிறுநீரில் பாதி சிந்திப்போவது, பதப்படுத்தி சேர்க்காததால் சேகரித்த பாத்திரத்திலேயே பாக்டீரியா இந்தச் சர்க்கரைகளைத் தின்றுவிடுவது.

குளூட்டமைன்: சிறுகுடல் செல்லுக்கு எரிபொருள் என்பது உண்மை. அதை வைத்து "நிறையக் கொடுத்தால் நல்லது" என்று தாவியதுதான் தப்பு. 2013-ல் தீவிர சிகிச்சைப் பிரிவில், பல உறுப்புகள் செயலிழந்த 1223 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் குளூட்டமைன் கொடுத்தவர்களிடம் இறப்பு கூடியது. மெலிந்த, நோயுற்ற ஒருவர் தானாக ஆரம்பிக்க வேண்டிய பொருள் அல்ல.

#10 கயல்_உணவியல்

சரி, இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடும் சத்துக்குறைவோடு வரும் 6 கிலோ குழந்தை, கூடவே வயிற்றுப்போக்கு. சிஸ்டர், வரிசை எப்படி?

#11 வார்டுசெவிலி

வர்றேன் கயல். உலக சுகாதார நிறுவனத்தோட முறைதான், நம்ம கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

யாரைக் கடும் சத்துக்குறைவுன்னு சொல்றது: 6 மாசத்துக்கு மேல 5 வயசுக்குள்ள, மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே, இல்லேன்னா உயரத்துக்கேற்ற எடை ரொம்பக் கீழே, இல்லேன்னா ரெண்டு பாதத்திலும் வீக்கம். கட்டைவிரலால ரெண்டு பாதத்தையும் சில நொடி அழுத்திட்டு எடுத்தா குழி அப்படியே நிக்கும். வீக்கம் இருந்தா எடை பொய் சொல்லும், அதனால பாதத்தைப் பார்க்காம எடையை மட்டும் எழுதாதீங்க.

முதல் வேலை ரத்தச் சர்க்கரை பார்க்குறது. டெசிலிட்டருக்கு 54 மி.கி.க்குக் கீழே இருந்தா, குழந்தை முழிச்சிருந்தா, 10 சதவீத குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணி 50 மி.லி. வாய்வழி. கூடவே உடம்புச் சூடு. அக்குளில் 35 டிகிரிக்குக் கீழேன்னா போர்த்தி, தாயோட உடம்போட ஒட்டி வைக்கணும். குறைஞ்ச சர்க்கரையும் குறைஞ்ச சூடும் சேர்ந்து வந்தா கிருமி ரத்தத்துல போயிருக்குன்னே எடுத்துக்கணும். காய்ச்சல் வரும்னு காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன மாதிரி காவல் சுருண்டு கிடக்குற உடம்பு காய்ச்சல்கூட காட்டாது. உள்நோயாளியா சேர்க்கிற எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறது அதனாலதான்.

நீர்ச்சத்து: சாதாரண ஓ.ஆர்.எஸ். வேண்டாம், அதுல லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல். இந்தக் குழந்தைங்க உடம்புல சோடியம் ஏற்கனவே கூடுதல், பொட்டாசியம் குறைவு. இவங்களுக்குன்னு இருக்கிற ரீசோமால் கரைசல்ல சோடியம் 45, பொட்டாசியம் 40. கிலோவுக்கு 5 மி.லி., அரை மணிக்கு ஒரு தரம், முதல் 2 மணி நேரம். 6 கிலோவுக்கு ஒரு தடவைக்கு 30 மி.லி. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 25, மூச்சு 5 ஏறினா தண்ணி அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், உடனே நிறுத்தணும். காலரான்னு சந்தேகம் இருந்தா மட்டும் இது மாறும், அங்கே சாதாரண ஓ.ஆர்.எஸ்.தான்.

உணவு: முதல்ல எஃப்-75ங்கிற சிகிச்சைப் பால். 100 மி.லி.க்கு 75 கலோரி, புரதம் 0.9 கிராம்தான். "புரதம் இல்லாமத்தானே இந்தக் கதி, ஏன் இவ்வளவு கம்மி"ன்னு எல்லாரும் கேப்பாங்க. அந்த நிலையில ஈரலும் சிறுநீரகமும் புரதத்தைத் தாங்காது, சட்டுன்னு கலோரி ஏத்தினா ரத்தத்துல பாஸ்பேட்டும் பொட்டாசியமும் விழுந்து இதயம் நின்னுடும். அளவு நாளுக்கு கிலோவுக்கு 130 மி.லி., வீக்கம் கடுமைன்னா 100. நம்ம 6 கிலோ குழந்தைக்கு வீக்கம் இல்லேன்னா 780 மி.லி.; 2 மணிக்கு ஒருதரம் 65 மி.லி. ராத்திரியும் உண்டு. ராத்திரி ஒரு வேளை விட்டா விடியக்காலைல சர்க்கரை விழும், அது நிறைய இடத்துல நடக்குற தப்பு.

பசி திரும்பி வீக்கம் வடிய ஆரம்பிச்சதும் அதைவிடச் சத்து கூடின பால், எஃப்-100. ரெண்டு நாள் அதே அளவு, அப்புறம் ஒவ்வொரு வேளைக்கும் 10 மி.லி. ஏத்திக்கிட்டே போகணும், குழந்தை மிச்சம் வைக்கிற வரைக்கும்.

கலக்குற இடம் ரொம்ப முக்கியம். கொதிக்கவச்ச தண்ணி, சோப்புப் போட்டுக் கழுவின கை, கப்பும் ஸ்பூனும். புட்டியும் நிப்பிளும் வேண்டாம், அதன் சந்துல ஒட்டியிருக்கிற பால் படலத்தைக் கழுவியே எடுக்க முடியாது. மிச்சம் வச்ச பாலை அடுத்த வேளைக்கு மூடி வைக்கிறதும் வேண்டாம். அறைச் சூட்டுல கிடக்கிற பால் கிருமி வளர்க்கிற ஊடகம்தான். அமிலம் இல்லாத வயிறு அதை அப்படியே உள்ளே விட்டுடும்.

#12 சந்தேகப்பேர்வழி

எல்லாம் சரி, ஆன்டிபயாடிக் விஷயத்தில் ஒரு கோடு போட வேண்டும். சிக்கல் உள்ள, வார்டில் சேர்க்கும் குழந்தைக்குக் கேள்வியே இல்லை. சிக்கல் இல்லாமல், பசியோடு, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் குழந்தைக்கு?

மலாவியில் 2767 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. இறப்பு போலி மருந்துக் குழுவில் 7.4 சதவீதம், அமாக்சிசிலின் குழுவில் 4.8. ஆகவே எல்லாருக்கும் கொடு என்றார்கள். நைஜரில் 2399 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. சத்துநிலை மீள்வதில் கணிசமான வித்தியாசம் இல்லை. கென்யாவில் கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தினசரி கொடுத்துப் பார்த்ததிலும் இறப்பு குறையவில்லை.

#13 வார்டுசெவிலி

நைஜர் ஆய்வுல மருத்துவமனைக்கு மாத்துற அளவு சீரியஸ் ஆனது அமாக்சிசிலின் குழுவில கம்மி, அதையும் சொல்லுங்க சார். மலாவியில வீக்கத்தோட வந்த குழந்தைங்க அதிகம், எச்.ஐ.வி.யும் இருந்தது. ரெண்டு ஊர்க் குழந்தைகளும் ஒரே மாதிரி நோயாளி இல்லை.

#14 சந்தேகப்பேர்வழி

நியாயம். நானும் "கொடுக்காதே" என்று சொல்லவில்லை. இரண்டு ஆய்வுகளையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றை வைத்து இன்னொன்றை அடிப்பதுதான் எனக்கு ஒவ்வாதது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பரவியிருக்கும் இடத்தில் இந்த முடிவை உள்ளூர்க் கிருமி நிலவரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

#15 குடல்நோக்கி

தள்ளிப்போட வேண்டியது எது என்று கயல் கேட்டாரே, முதல் பெயர் இரும்பு.

இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் ரத்தசோகையோடுதான் வருவார்கள், கை தானாக இரும்பு மருந்துக்குப் போகும். பொறுக்க வேண்டும். ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவை இரும்புக்காக ஏங்குபவை. உறிஞ்சப்படாத இரும்பு பெருங்குடலுக்குப் போனால் அவற்றுக்கு விருந்து. கென்யக் கைக்குழந்தைகளிடம் நாளுக்கு 12.5 மி.கி. இரும்பு கலந்த நுண்சத்துப் பொடி கொடுத்த ஆய்வில் நோய்க்கிருமி வகைகள் மலத்தில் கூடின, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டினும் கூடியது. ஆகவே எஃப்-75 கட்டத்தில் இரும்பு கிடையாது. எஃப்-100-க்கு மாறி எடை ஏறத் தொடங்கிய பிறகு கிலோவுக்கு 3 மி.கி. உடனடி சிகிச்சை உணவுப் பொட்டலத்தில் இரும்பு ஏற்கனவே இருக்கிறது. அதைச் சாப்பிடும் குழந்தைக்குத் தனியாக வேண்டாம்.

துத்தநாகத்திலும் இதே இரட்டைக் கணக்குத் தவறு நடக்கிறது. சாதாரண வயிற்றுப்போக்கில் 2004-ல் வந்த பரிந்துரை: 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., 10 முதல் 14 நாள். 2020-ல் இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4500 குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது 5 மி.கி., 10 மி.கி. அளவுகள் 20-க்குக் குறையாமல் வேலை செய்தன, வாந்தி குறைவு. மாத்திரையைத் துப்பிவிடும் குழந்தைக்கு இது பெரிய விஷயம். ஆனால் கடும் சத்துக்குறைவுக் குழந்தை முறைப்படி செய்த எஃப்-75 அல்லது பொட்டல உணவு சாப்பிட்டால் துத்தநாகம் அதிலேயே உண்டு, தனியாகச் சேர்க்க வேண்டாம்.

வைட்டமின் ஏ-யும் அப்படியே. முறைப்படியான சிகிச்சை உணவில் தினசரித் தேவை இருக்கிறது. கண்ணில் குறைபாட்டு அறிகுறியோ தட்டம்மையோ இருந்தால் மட்டும் பெரிய டோஸ்.

#16 வழிப்போக்கன்

குளூட்டமைன் வேண்டாம் என்றீர்கள், விட்டுவிட்டேன். புரோபயாடிக்? நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் கெட்டது விலகாதா?

#17 நுண்ணோக்கன்

கயல் முதல் பதிவிலேயே பத்து உணவுப் பட்டியலுக்குக் கதவைச் சாத்தினார், இது ஜன்னல் வழியா வருது :)

மலாவியில் கடும் சத்துக்குறைவுள்ள 795 குழந்தைகளுக்கு புரோபயாடிக்கும் ப்ரீபயாடிக்கும் (நல்ல பாக்டீரியாவுக்கான தீனி) சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2009-ல் வந்தது. சத்துநிலை மீள்வதில் பலன் இல்லை. 2008-ல் கடும் கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் புரோபயாடிக் குழுவில் இறப்பு 16 சதவீதம், மற்ற குழுவில் 6. சிலருக்குக் குடல் ரத்த ஓட்டமே தடைபட்டது. காவல் குறைந்த குடலுக்கு உயிருள்ள பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் அனுப்புவதில் இந்த அபாயம் உண்டு. "நல்லது" என்ற பெயர், பாக்டீரியா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது; குடலுக்குள் நல்லது ரத்தத்துக்குள் நல்லதல்ல.

பாக்டீரியாவைப் புகுத்துவதைவிட ஏற்கனவே உள்ள தேவையான வகைகளுக்குத் தீனி போடுவது இன்னும் நம்பிக்கை தருகிறது. வங்கதேசத்தில் மிதமான சத்துக்குறைவுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. குடல்வாழ் கூட்டத்தை வயதுக்கேற்ற முதிர்ச்சிக்குக் கொண்டுவர வடிவமைத்த உணவு ஒரு குழுவுக்கு, வழக்கமான துணை உணவு இன்னொரு குழுவுக்கு. முதல் உணவில் கலோரி குறைவு. ஆனாலும் எடை ஏறிய வேகம் அதில்தான் அதிகம். கவனிக்க, இது மிதமான நிலைக்கு. எஃப்-75-க்கு மாற்று அல்ல.

#18 கயல்_உணவியல்

ஒரே ஒரு கேள்வி மிச்சம். 3 முதல் 5 நாளில் செல் சுவர் புதிதாக முளைக்கும் என்றால், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த ஒரு வாரத்தில் தடுப்பு திரும்பிவிட வேண்டாமா?

#19 குடல்நோக்கி

செல் புதிதாக வருவதும் உறிஞ்சி பழைய உயரத்துக்கு வருவதும் ஒன்றல்ல. அழற்சி தொடர்ந்தால் புதிதாக முளைப்பதும் குட்டையாகவே முளைக்கும். எடை திரும்பிய பிறகும் உறிஞ்சிகள் சிதைந்தே இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. குடல்வாழ் கூட்டமும் அப்படித்தான்: வங்கதேசக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த 2014 ஆய்வில், சிகிச்சை உணவு கொடுக்கும்போது கூட்டம் வயதுக்கேற்ப முதிர்ந்தது, நிறுத்திய சில மாதங்களில் மறுபடி பின்தங்கியது.

இன்னொரு பக்கம், மலக்கிருமி நிறைந்த சூழலில் வாழ்ந்தால் நோய் அறிகுறியே இல்லாமல் குடல் அழற்சியிலேயே இருக்கும். சரி, சுத்தத்தைச் சரிசெய்தால் தீருமா என்று வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் பெரிய ஆய்வுகள் செய்தார்கள்: கழிப்பறை, கைகழுவல், குடிநீரில் குளோரின். உயர வளர்ச்சி கூடவில்லை. உணவுத் துணைச்சத்து கொடுத்த குழுக்களில்தான் சிறிதளவு கூடியது. சுத்தம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறையத்தான் செய்தது. வீட்டளவில் செய்த அந்த ஏற்பாடுகள், குழந்தை வாய்க்குள் போகும் கிருமிச் சுமையைப் போதிய அளவு குறைக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

#20 சந்தேகப்பேர்வழி

அந்தக் கடைசி வரி விளக்கம்தான், நிரூபணம் இல்லை. மற்றதெல்லாம் ஓகே.

#21 வார்டுசெவிலி

கயல், அதனால எப்போ நிறுத்துறதுன்னு எழுதி வச்சுக்கோங்க. மேல்கைச் சுற்றளவு 125 மி.மீ. அல்லது அதுக்கு மேல, வீக்கம் இல்லாம குறைஞ்சது 2 வாரம். எதை வச்சு சேர்த்தோமோ அதையே வச்சு அனுப்பணும்: கைச்சுற்றளவால சேர்த்த குழந்தையை உயரத்துக்கேற்ற எடை சரியாச்சுன்னு அனுப்பக் கூடாது. எடை கூடின சதவீதத்தையும் அளவுகோலா வைக்காதீங்க; ரொம்ப மெலிஞ்சு வந்த குழந்தைக்கு 15 சதவீதம் ஏறினாலும் இன்னும் ஆபத்துக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். அனுப்பின பிறகும் வரவழைச்சுப் பார்க்கணும், வயிற்றுப்போக்கு வந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லணும்.